தம் போட்டால் மொறுமொறுப்பு வராது

ஸ்மோக்கரில் வைத்த கோழி நன்றாக வெந்திருக்கும், புகை மணமும் ஏறியிருக்கும். தோலைக் கடித்தால் மட்டும் ரப்பர் மாதிரி இழுக்கும். எண்ணெய்ச் சட்டி இல்லாமலேயே மொறுமொறுவென்று பொரித்த கோழி கிடைக்கும் என்று நம்பி ஸ்மோக்கர் வாங்கியவர்களும், டிரம்மை வெட்டி அடுப்பாக்கியவர்களும் முதலில் கேட்பது இதைப் பற்றித்தான். காட்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நம் கை பிரியாணிக்குப் பழகிய கை. மூடியைப் பார்த்தாலே இறுக்கி மூடத் தோன்றும்.

ஆம்பூர் பிரியாணி மாஸ்டர் விறகை வெளியே இழுத்துவிட்டு, மூடிமேல் தணலை அள்ளிப் போட்டுத் தம் வைப்பார். ஆவி உள்ளேயே சுழன்றால்தான் சீரகச் சம்பா பூப்போல வேகும். கோழித் தோலுக்கோ அந்த ஆவிதான் எதிரி. தணலும் மூடியும் ஒன்றுதான்; நோக்கம் மட்டும் நேர் எதிர். ஆகவே கீழே காற்று போகும் வழியையும் மேலே புகைபோக்கியையும் முழுதாகத் திறந்துவையுங்கள்.

தோல் ஏன் இழுக்கிறது என்பதை டேனரியில் வேலை செய்தவர்களிடம் விளக்கவே வேண்டாம். பச்சைத் தோல் ஈரத்தோடு 60, 65 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தொட்டாலே சுருங்கிவிடும். குரோம் ஏற்றிய தோல்தான் கொதிநீரைத் தாங்கும். கோழித் தோலிலும் இருப்பது அதே கொலாஜன். 110 டிகிரியில் மெதுவாகப் புகை போட்டால் அது சுருங்கி இறுகும். அடியிலிருக்கும் கொழுப்பு முழுதாக உருகி வெளியேறாது, ஈரமும் காயாது. அமெரிக்கர்கள் மாட்டிறைச்சிக்கும் பன்றிக்கும் மணிக்கணக்கில் வைக்கிற அந்தச் சூடு கோழிக்கு உதவாது. உங்களுக்கு வேண்டியது 190 முதல் 200 டிகிரி. பெயர் ஸ்மோக்கராக இருக்கட்டும். அதை ஓவனாக நடத்துங்கள்.

மூடியில் பதித்த மீட்டரை முழுதாக நம்ப வேண்டாம். மூடிக்கும் கம்பிவலைக்கும் சூடு நிறைய வேறுபடும். ஓவனுக்கென்று விற்கிற சின்ன வெப்பமானியைக் கோழிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஸ்மோக்கரோடு தண்ணீர்த் தட்டு வந்திருந்தால் அதில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கொழுப்பு சொட்டுவதற்காக மட்டும் வெறும் தட்டாக வைத்தால் போதும். பாதிப் பேருடைய பிரச்சினை இந்த ஒன்றிலேயே தீர்ந்துவிடும்.

டிரம் வாங்கப் போகிறவர்களுக்கு, முக்கியமாக ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பழைய சாமான் கடைகளில் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டேனரிக்கு ரசாயனம் வந்த டிரம், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கழுவினாலும் வேண்டாம், எரித்துச் சுத்தம் செய்துவிட்டோம் என்று கடைக்காரர் சொன்னாலும் வேண்டாம். துத்தநாகம் பூசிய தகரமும் சூடேறினால் நச்சுப்புகை விடும். சமையல் எண்ணெய் வந்த இரும்பு டிரம், இல்லாவிட்டால் பூச்சில்லாத புது டிரம், இரண்டில் ஒன்று.

கோழிக்கு வருவோம். கடையில் தோலோடு கேளுங்கள். சொல்லாவிட்டால் பழக்கத்தில் உரித்துவிடுவார்கள். லெக் பீஸும் தொடையும் இதற்கு ஏற்றவை, நெஞ்சுக்கறி சீக்கிரம் வறண்டுவிடும். மஞ்சள் போட்டுக் கழுவுகிற வீடானால் கழுவுங்கள், ஆனால் பிறகு துணியால் ஒற்றி ஒற்றி ஈரம் எடுங்கள். ஒரு கிலோவுக்கு இரண்டு டீஸ்பூன் உப்பு, இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர். ஆப்பச் சோடா வேண்டாம், சோப்பு வாடை வரும். இரண்டையும் கலந்து தோல் முழுக்கத் தடவி, தட்டில் கம்பிவலை வைத்து, மூடாமல் ஃபிரிஜ்ஜின் கீழ்த் தட்டில் ஓர் இரவு விடுங்கள். உப்பு ஈரத்தை இழுக்கும், பேக்கிங் பவுடரின் காரத்தன்மை தோல் சீக்கிரம் சிவக்க உதவும். வேலூர் வெயில் இருக்கிறதே என்று வெளியில் காயவைத்துவிடாதீர்கள். அந்தச் சூட்டில் பச்சைக் கோழி ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது.

இந்த இடத்தில் தயிர் வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும். வேண்டாம். தயிர் மசாலா எண்ணெயில் பொரிக்கிற சிக்கன் 65-க்குச் சரி, இங்கே அது ஈரம். இஞ்சி பூண்டு விழுதை விட மனமில்லையென்றால் கொஞ்சமாக எடுத்துத் தோலுக்கு அடியில், கறிமேல் தடவுங்கள். வெளியே உலர்ந்த மிளகாய்த்தூளும் மிளகும் போதும். கடையில் பொரித்த கோழியின் செதில் செதிலான மேல்பூச்சு வேண்டுமென்றால், வைப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு முட்டை வெள்ளைக்கருவில் புரட்டி, மைதாவும் அரிசி மாவும் சரிபாதி கலந்து அழுத்தி ஒட்டுங்கள். பிறகு கடலை எண்ணெயை மாவு முழுக்கப் படும்படி தொட்டுத் தடவ வேண்டும். எண்ணெய் படாத இடத்தில் மாவு வெந்த பிறகும் வெள்ளையாகவே நிற்கும்.

நம் ஊரில் மூட்டையாகக் கிடைக்கிற கரி பெரும்பாலும் சீமைக்கருவேலங்கரி. நன்றாகச் சூடேறும், நின்று எரியும். டெக்சாஸ்காரர்கள் பெருமையாகச் சொல்கிற மெஸ்கீட் மரமும் இதற்கு நெருங்கிய உறவுதான். ஆனால் புகைக்கென்று அதன் பச்சை விறகைப் போட்டால் கோழிக்கு முரட்டு மணம் வந்துவிடும். மா, கொய்யா விறகில் கை முஷ்டி அளவு காய்ந்த துண்டு ஒன்று போதும். பெயிண்ட் அடித்த பலகை, பேக்கிங் பெட்டிக் கட்டை, அரளி எதுவும் அடுப்புப் பக்கமே வரக்கூடாது. கரி பற்றவைக்க மண்ணெண்ணெயும் வேண்டாம்.

கரி சாம்பல் பூத்த பிறகு ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபக்கம் கோழியைத் தோல் மேலே பார்க்க வையுங்கள். விறகுத் துண்டை அப்போதே போட்டுவிட வேண்டும். குளிர்ந்த கறியில்தான் புகை நன்றாகப் பிடிக்கும். வெள்ளையாகக் கெட்டியாகப் புகை வந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம், அது கசக்கும். மெல்லிய நீலப் புகை வந்தால் சரி. இருபது நிமிடம் மூடியைத் தொடாதீர்கள். திறந்து திறந்து பார்த்தால் சூடு இறங்கும். பிறகு கோழியை அரைச்சுற்றுத் திருப்பிவைத்து இன்னும் இருபது, இருபத்தைந்து நிமிடம். எலும்பை ஒட்டி 74 டிகிரி வந்தாலே சாப்பிடலாம். தொடைக்கறி 80-ஐத் தாண்டினால்தான் எலும்பைவிட்டு நன்றாகப் பிரியும்.

மின்சார ஸ்மோக்கர்களில் பல 135 டிகிரிக்கு மேல் ஏறாது. அதில் புகை மட்டும் போட்டுக்கொண்டு, கடைசியில் ஓவனிலோ, நேர் தணலில் இரண்டு மூன்று நிமிடமோ தோலை மொறுமொறுப்பாக்கி எடுங்கள். எந்த அடுப்பானாலும் எடுத்த கோழியை ஹாட்பாக்ஸில் போட்டு மூடிவிட்டால் மறுபடி தம்தான். கம்பிவலைமேல் திறந்தே ஆறட்டும். கரியடுப்பை மொட்டைமாடியிலோ வாசலிலோ வையுங்கள். மூடிய சமையலறையில் கரிப்புகை ஆளைக் கொல்லும்.

மிச்சத் தணலை வீணாக்க வேண்டாம். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் நாலைந்தைக் கீறி எண்ணெய் தடவி அதன்மேல் போடுங்கள். இப்போது மூடியைத் தாராளமாக இறுக்கி மூடலாம். தோல் கருகி உள்ளே குழைந்ததும் எடுத்துப் பிசைந்து, சின்ன வெங்காயமும் புளிக்கரைசலும் சேர்த்துக் கோழிக்குப் பக்கத்தில் வையுங்கள்.