டிஸ்னியில் ப்ரொஃபஷனல் இன்டர்ன்ஷிப்: அப்ளை பண்றதுக்கு முன்னாடி தெரிஞ்சிருக்க வேண்டியவை

டிஸ்னி இன்டர்ன்ஷிப் பத்தி பேசுற பலர் இரண்டு தனித்தனி விஷயங்களை ஒண்ணா போட்டு குழப்பிக்கிறாங்க. அதை முதல்ல பிரிச்சுடலாம்.

ஒண்ணு, காலேஜ் ப்ரோக்ராம். 1981-ல் ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் தொடங்கினது. ரைடு இயக்குறது, கடையில் விற்பனை, உணவு பரிமாறுறது, நீச்சல்குளப் பாதுகாப்பு மாதிரி பூங்காவின் அன்றாட வேலைகள் இதில் வரும். எந்த டிகிரி படிக்கிறவரும் போகலாம். இன்னொண்ணு, ப்ரொஃபஷனல் இன்டர்ன்ஷிப். இது உங்க துறை சார்ந்த வேலை. மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், இண்டஸ்ட்ரியல், சாஃப்ட்வேர், டேட்டா, ஃபைனான்ஸ் என்று ஒவ்வொரு இடத்துக்கும் தனி அறிவிப்பு, தனித் தகுதி, தனி மேனேஜர். ஒரு ஃபார்ம் போட்டா "டிஸ்னி" என்கிற ஒரே பெட்டியில் விழும்னு நினைக்காதீங்க. நீங்க அப்ளை பண்றது ஒரு குறிப்பிட்ட டீமுக்கு.

டிஸ்னி என்பது ஒரு கம்பெனி மாதிரி தெரிஞ்சாலும் உள்ளே பல கம்பெனிகள் இருக்கு. பூங்காக்களையும் ரைடுகளையும் வடிவமைக்கிற இமாஜினியரிங் கலிபோர்னியாவின் க்ளெண்டேலில் இருக்கு. 1952-ல் வால்ட் டிஸ்னி ஆரம்பிச்ச பிரிவு அது. பிக்ஸார் எமரிவில்லில், 2006-ல் டிஸ்னி வாங்கினது. மார்வெல் 2009, லூகாஸ்ஃபிலிம் 2012. லூகாஸ்ஃபிலிமோடு சேர்ந்து ஐஎல்எம் என்கிற விஷுவல் எஃபெக்ட்ஸ் ஸ்டுடியோவும் வந்தது. விளையாட்டுச் சேனலான ஈஎஸ்பிஎன் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிஸ்டலில். கிராஃபிக்ஸ் தெரிஞ்ச சிஎஸ்இ ஆளுக்கு பிக்ஸார் பொருந்தும், பிஎல்சி தெரிஞ்ச ஈஈஈ ஆளுக்கு ரைடு கண்ட்ரோல் பொருந்தும். எல்லாத்துக்கும் ஒரே ரெஸ்யூமே அனுப்பினா எதுக்குமே பொருந்தாது.

இப்போ கசப்பான பகுதி. அமெரிக்காவில் இருக்கிற இந்த இடங்களுக்கான அறிவிப்புகளில், அமெரிக்காவில் வேலை செய்ய ஏற்கனவே அனுமதி உள்ளவராக இருக்கணும் என்கிற வரி அடிக்கடி வரும். சிலதில் எந்தக் கட்டுப்பாடும் இல்லாத அனுமதி வேணும்னே போட்டிருப்பாங்க. அதனால தமிழ்நாட்டில் மூணாம் வருஷம் படிச்சுக்கிட்டே அங்கே கோடைக்கு இன்டர்னா போறது நடைமுறையில் ரொம்பக் கஷ்டம். "நாலு பேருக்கு ஷேர் பண்ணா கிடைக்கும்" ரக வாட்ஸ்அப் ஃபார்வர்டுகள் இதைச் சொல்லவே சொல்லாது.

அப்புறம் எதுக்கு இந்தக் கட்டுரைன்னு கேக்கலாம். நம்ம பேட்ச்சில் எம்எஸ் பண்ண அமெரிக்கா போறவங்க ஒவ்வொரு வருஷமும் இருக்காங்க. அவங்களுக்கு எஃப்-1 மாணவர் விசா. அதில் படிப்போடு சம்பந்தப்பட்ட வேலைக்கு சிபிடி என்கிற அனுமதியை பல்கலைக்கழகமே தரலாம். பொதுவா ஒரு முழு கல்வியாண்டு முடிச்சிருக்கணும். படிப்பு முடிஞ்ச பிறகு ஓபிடி 12 மாசம். அறிவியல், பொறியியல் டிகிரிகளுக்கு இன்னும் 24 மாசம் நீட்டிப்பு. ஒரு விஷயம் கவனம்: முழுநேர சிபிடியை 12 மாசமோ அதுக்கு மேலயோ பயன்படுத்திட்டா அந்த டிகிரிக்கான ஓபிடி போயிடும். ஒரு அறிவிப்பு சிபிடி, ஓபிடியை ஏத்துக்குமா என்பதை அதோட வாசகத்தில் பாருங்க. புரியலைன்னா பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேளுங்க, சீனியர்கிட்ட கேட்டு முடிவு பண்ணாதீங்க.

இங்கேதான் பலர் கணக்கு போடாம விடுறாங்க. ஆகஸ்ட்டில் போய் இறங்குறீங்க. அடுத்த மே மாசம் ஒரு கல்வியாண்டு முடியும், கோடை இன்டர்ன்ஷிப்புக்குத் தகுதி வரும். ஆனா பெரிய கம்பெனிகள் கோடைக்கான ஆள் தேடலை பல மாசம் முன்னாடியே ஆரம்பிச்சுடும். அப்போ நீங்க அப்ளை பண்ண வேண்டியது போய் இறங்கின ஓரிரு மாசத்துலயே. அந்த நேரத்தில் அமெரிக்க டிகிரியில் உங்களுக்கு ஒரு கிரேடுகூட வந்திருக்காது. ரெஸ்யூமேல இருக்கப்போறது எல்லாம் இங்கே, நம்ம காலேஜ் லேப்ல பண்ணின வேலைதான். ஃபைனல் இயர் ப்ராஜெக்டை யாரோ ஒரு சென்டர்ல காசு கொடுத்து வாங்கிட்டு வந்தா, அந்த ஒரு பக்கம் காலியா நிக்கும். வைவா முடிஞ்சதும் ப்ராஜெக்ட் செத்துப்போச்சுன்னு நினைக்கிறவங்களுக்கு இது முக்கியம்.

சரி, ரைடு எஞ்சினியர் என்னதான் பண்றாங்க? ரோலர் கோஸ்டரை எடுத்துக்கோங்க. பாதையை பல பிளாக்குகளா பிரிச்சிருப்பாங்க. ஒரு பிளாக்கில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். முன்னாடி இருக்கிற பிளாக் காலியாகாத வரை பின்னாடி வண்டியை பிரேக் பிடிச்சு வைக்கும். நம்ம ரயில்வே சிக்னல் கான்செப்ட்தான். 1959-ல் டிஸ்னிலேண்டில் திறந்த மேட்டர்ஹார்ன், ஒரே பாதையில் பல வண்டிகளை ஓடவிட இந்த மாதிரி ஏற்பாட்டைப் பயன்படுத்தின ஆரம்பகால கோஸ்டர். இரும்புக் குழாய்ப் பாதையும் அதில்தான் முதல்ல வந்தது. இன்னைக்கு இந்த லாஜிக் சேஃப்டி பிஎல்சியில் ஓடுது. ஒரு சென்சார் பொய் சொன்னாலும் இன்னொண்ணு சரிபார்க்கும். ரெண்டும் ஒத்துப்போகலைன்னா வண்டி நிக்கும். சந்தேகம் வந்தா நிறுத்து, இதுதான் வடிவமைப்பின் அடிப்படை.

இப்போ ஒரு சின்ன கணக்கு. ஒரு வண்டியில் 6 பேர். 18 நொடிக்கு ஒரு வண்டி கிளம்புது. ஒரு மணி நேரத்துக்கு 3600-ஐ 18-ஆல் வகுத்தா 200 வண்டி, அதாவது 1200 பேர். இடைவெளியை 15 நொடியாக்கினா 240 வண்டி, 1440 பேர். மூணே நொடி, மணிக்கு 240 பேர் கூடுதல், 12 மணி நேர நாளில் 2880 பேர். வரிசையில் நிக்கிற அத்தனை பேரோட காத்திருப்பும் குறையும். ஆனா அந்த மூணு நொடியை எங்கே எடுப்பீங்க? பிளாக் இடைவெளியைக் குறைக்க முடியாது, அது பாதுகாப்பு. பெரும்பாலும் மெதுவா நடக்கிறது ஆள் ஏறி இறங்குற இடம்தான். அதனால ஏத்தி இறக்குற முறையை மாத்தணும். வண்டி நிக்காமலே நகர்ந்துக்கிட்டே இருக்க, பக்கத்தில் ஓடுற பெல்ட்டில் நடந்து ஏறுற அமைப்பை டிஸ்னி பயன்படுத்துறது இதுக்காகத்தான். 1969-ல் திறந்த ஹாண்டட் மேன்ஷன் நல்ல உதாரணம். 1999-ல் வந்த ஃபாஸ்ட்பாஸ் வேற வழி: வரிசையையே நேரமா மாத்தி கையில் ஒரு சீட்டா கொடுத்தது. இண்டஸ்ட்ரியல் எஞ்சினியர்களை பூங்காக்கள் ஏன் எடுக்குதுன்னு இப்போ புரியும். திருப்பதி க்யூ காம்ப்ளெக்ஸில் நின்னவங்களுக்கு சொல்லித்தரவே வேண்டாம்.

இதை ஏன் இவ்வளவு விரிவா சொன்னேன்னா, கவர் லெட்டரில் எழுத வேண்டியது இதுதான். "சின்ன வயசுல இருந்தே மிக்கி மவுஸ்னா உயிர்" என்று ஆரம்பிக்கிற கடிதம் அவங்களுக்குப் பழகிப்போன ஒண்ணு. அதுக்குப் பதிலா, அறிவிப்பில் சொன்ன வேலையில் உங்களுக்குப் புரிஞ்ச ஒரு சிக்கல், அதுக்குப் பக்கத்தில் வர்ற மாதிரி நீங்க செஞ்ச ஒரு வேலை, ரெண்டையும் இணைக்கிற ரெண்டு பத்தி போதும். புது ரைடுக்கான ஐடியா, புது கேரக்டர், கதை எதையும் சேர்த்து அனுப்பாதீங்க. கேட்காம வர்ற படைப்பு யோசனைகளை ஏத்துக்கக் கூடாதுன்னே அவங்க கொள்கை வெச்சிருக்காங்க, உரிமைச் சண்டை வரும்னு.

ரெஸ்யூமே. நம்ம ஊர் ஃபார்மேட்டில் இருந்து எடுக்க வேண்டியது நிறைய: போட்டோ, பிறந்த தேதி, அப்பா பேர், திருமண நிலை, கடைசியில் வர்ற "மேற்கண்டவை அனைத்தும் உண்மை" உறுதிமொழி. அங்கே யாரும் இதைக் கேக்கிறதில்லை. மொத்தம் ஒரே பக்கம். சிஜிபிஏ-வை பத்துக்கு எவ்வளவுன்னு அப்படியே போடுங்க, நாலுக்கு நீங்களே மாத்தாதீங்க.

ப்ராஜெக்ட் வரிகள்தான் விஷயமே. வழக்கமா நாம எழுதுறது: "பிஎல்சி மூலம் கன்வேயர் பெல்ட் கட்டுப்பாடு, நான்கு பேர் குழு." இதைப் படிச்சா என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. அதையே இப்படி எழுதிப் பாருங்க: "ரெண்டு ப்ராக்ஸிமிட்டி சென்சார்கள் முரண்பட்டால் அரை நொடிக்குள் பெல்ட்டை நிறுத்தும் லேடர் லாஜிக் எழுதினேன். 200 முறை சோதித்ததில் 3 முறை நிற்கவில்லை. காரணம் மோட்டார் வயருக்குப் பக்கத்தில் போன சென்சார் கேபிளில் வந்த இரைச்சல். ஷீல்டு கேபிள் மாற்றிய பின் மறுபடி 200 முறை சோதித்தேன்." எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்க எண்களைப் போடுங்க. ரைடு கண்ட்ரோல் டீமில் இருக்கிறவர் இந்த வரியில் நிப்பார், ஏன்னா அவரோட வேலையும் அதேதான். தவறின அந்த 3 முறையை மறைக்காதீங்க. அந்த வரியிலேயே மதிப்புள்ளது அதுதான். சோதிக்கலைன்னா, எண் கிடையாது. லேப் இன்னும் திறந்துதானே இருக்கு, இந்த செமஸ்டர்லயே போய் எடுங்க.

கிராஃபிக்ஸ் பக்கம் போறவங்களுக்கு வேற வசதி இருக்கு. பிக்ஸார் தன்னோட யூஎஸ்டி ஃபைல் அமைப்பை 2016-ல் ஓப்பன் சோர்ஸா வெளியிட்டுச்சு. ரெண்டர்மேன் மென்பொருள் வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு 2015-ல் இருந்து இலவசம். டிஸ்னி அனிமேஷன் ஸ்டுடியோ 'மோவானா' படத்தின் தீவுக் காட்சியோட முழு தரவையும் 2018-ல் ஆராய்ச்சிக்காக வெளியிட்டுச்சு. பல பத்து ஜிபி, ஹாஸ்டல் வைஃபையில் இறக்க பொறுமை வேணும். அவங்க பயன்படுத்துற கருவியிலேயே ஹாஸ்டல் ரூமில் உக்காந்து ஒரு சின்ன ப்ளக்-இன் எழுதலாம், ஒரு பக் சரி பண்ணலாம். எந்த சர்டிஃபிகேட் கோர்ஸை விடவும் இது மேல்.

இன்டர்வியூவுக்கு வருவோம். டெக்னிக்கல் கேள்வி டீமுக்கு டீம் மாறும். கூடவே "டீமில் ஒருத்தர் வேலை செய்யலைன்னா என்ன பண்ணீங்க", "நேரம் இல்லாதப்போ எதை விட்டீங்க" மாதிரி கேள்விகள் வரும். சூழல், உங்க பொறுப்பு, நீங்க செஞ்சது, விளைவு என்கிற வரிசையில் சொல்லப் பழகுங்க. நமக்கு இதில் ஒரு தடை இருக்கு. "நான் பண்ணேன்"னு சொன்னா தலைக்கனம்னு வளர்ந்ததால எல்லாத்துக்கும் "நாங்க பண்ணோம்" வந்துடும். அவங்க மறுபடி மறுபடி "அதில் நீங்க என்ன செஞ்சீங்க"ன்னு கேப்பாங்க. குழுவுக்கு ஒரு வாக்கியத்தில் நன்றி சொல்லிட்டு மீதி முழுக்க "நான்" போடுங்க, தப்பில்லை.

டிஸ்னி பூங்காக்களில் முடிவெடுக்க ஒரு வரிசை உண்டு: பாதுகாப்பு, மரியாதை, அனைவரையும் உள்ளடக்குதல், காட்சி, திறன். ரொம்ப காலம் நாலுதான், உள்ளடக்குதல் பின்னாடி சேர்ந்தது. பாதுகாப்பு முதல்ல, திறன் கடைசியில. "டெட்லைனுக்காக டெஸ்டிங்கைக் குறைச்சோம்"னு பெருமையா சொல்றவர் இங்கே தானே குழியில் விழறார். மேலே பார்த்த 18 நொடி கணக்குக்கும் இதே வரிசைதான் அடிப்படை.

பணம் பத்தி சுருக்கமா. இந்த இன்டர்ன்ஷிப்களுக்கு சம்பளம் உண்டு. தங்குமிடமும் போக்குவரத்தும் பல இடங்களில் உங்க பாடு. ஆர்லாண்டோ மாதிரி ஊரில் கார் இல்லாம வேலைக்குப் போறது சிரமம், கணக்கில் வெச்சுக்கோங்க. ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், ட்ரெய்னிங் டெபாசிட், "ஆஃபர் லெட்டர் ரிலீஸ் சார்ஜ்"னு யாராவது டெலிகிராமில் காசு கேட்டா அது டிஸ்னி இல்லை. கம்பெனியோட சொந்த கேரியர்ஸ் பக்கத்தில் அந்த அறிவிப்பு இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா பிளாக் பண்ணிட்டு படுங்க.

வெளிநாடு போற எண்ணமே இல்லாதவங்க ஐஎல்எம்-மின் மும்பை ஸ்டுடியோவைக் கவனிக்கலாம், 2022-ல் வந்தது. ஹாட்ஸ்டார் இப்போ தனி டிஸ்னி நிறுவனம் கிடையாது. 2024 நவம்பரில் ரிலையன்ஸோடு சேர்ந்து ஜியோஸ்டார் ஆயிடுச்சு. ஆனா 2023 உலகக்கோப்பை இறுதிப் போட்டியை ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் பார்த்த அந்த அமைப்பைக் கட்டினது இந்திய எஞ்சினியர்கள். பேக்எண்ட் ஆர்வம் இருந்தா அந்த லோடை எப்படித் தாங்கினாங்கன்னு படிக்கிறதே ஒரு செமஸ்டர் பாடம்.

கடைசியா ஒரு சின்ன வேலை. அப்ளை பண்ற அன்னைக்கே அந்த அறிவிப்பு முழுசையும் பிடிஎஃப்-ஆ சேமிச்சு வைங்க. இடம் நிரம்பினதும் அது தளத்தில் இருந்து காணாமப் போயிடும். இன்டர்வியூ அழைப்பு பல வாரம் கழிச்சு வரும்போது, அவங்க என்ன கேட்டிருந்தாங்கன்னு பார்க்க உங்க கையில் அது மட்டும்தான் இருக்கும்.