தடைகளைத் தாண்டிய கால்கள்

ஒருவர் எத்துறையில் வல்லவரோ அத்துறையே அவருக்குப் புகழைத் தேடித்தரும் என்பது பொதுவான நம்பிக்கை. அந்த வல்லமையே உரிய நேரத்தில் கைவிட்டால் என்ன செய்வது? தடை ஓட்டத்தில் நிகரற்று விளங்கிய கல்லூரி வீரர் ஒருவர், அதில் ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தபின் அடைந்த வெற்றியை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையில் விழுந்த வித்து

ஹாரிசன் டில்லார்டு, 1923ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள கிளீவ்லாந்து நகரில் பிறந்தார். கறுப்பினத்தைச் சேர்ந்த இவர் மெலிந்த உடலினர். 'எலும்பு' என்னும் பொருளுடைய பட்டப்பெயரே இவருக்கு வழங்கியது. 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் நான்கு தங்கப் பதக்கங்களை வென்ற ஜெசி ஓவன்ஸை, கிளீவ்லாந்து நகரம் ஊர்வலமாக அழைத்துச் சென்று போற்றியது. அக்காட்சியைக் கண்ட பதின்மூன்று வயதுச் சிறுவன் டில்லார்டின் உள்ளத்தில் ஓட்ட வீரனாகும் வேட்கை பிறந்தது. ஓவன்ஸ் பயின்ற பள்ளியிலேயே தாமும் பயின்று, 1941இல் பால்டுவின் வாலஸ் கல்லூரியில் சேர்ந்தார்.

போரும் கல்லூரியும்

இரண்டாம் உலகப்போர் அவரது கல்வியை இடைநிறுத்தியது. அக்கால அமெரிக்கப் படை, கறுப்பின வீரர்களைத் தனிப் பிரிவுகளாகப் பிரித்தே வைத்திருந்தது. அத்தகைய 92ஆம் காலாட்படைப் பிரிவில் சேர்ந்து, டில்லார்டு இத்தாலியில் போரிட்டார். நாடு திரும்பியபின் 1946, 1947 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும், தேசியக் கல்லூரிப் போட்டிகளின் இருவகைத் தடை ஓட்டங்களிலும் முதலிடம் பெற்றார். 1947 ஜூன் முதல் 1948 ஜூன் வரை தொடர்ந்து 82 பந்தயங்களில் வென்றார்.

தெரிந்து தெளிவோம்

ஆடவர் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் 10 தடைகள் உண்டு. ஒவ்வொன்றின் உயரமும் 1.067 மீட்டர். இரு தடைகளுக்கு இடைப்பட்ட தொலைவு 9.14 மீட்டர். இத்தொலைவை மூன்றே எட்டுகளில் கடப்பர். ஒரு தடையில் கால் இடித்தால் எட்டின் அளவு குலையும். அடுத்த தடையும் தவறும்.

எவன்ஸ்டனில் நேர்ந்த வீழ்ச்சி

1948ஆம் ஆண்டு அமெரிக்க ஒலிம்பிக் தகுதிப் போட்டி எவன்ஸ்டன் நகரில் நடைபெற்றது. தடை ஓட்டத்தில் டில்லார்டின் தேர்வை எவரும் ஐயுறவில்லை. ஆனால், அவர் தடைகளை அடுத்தடுத்து இடித்து நிலைகுலைந்தார். ஓட்டத்தை முடிக்காமலே நின்றார். அத்துறையில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. எனினும், 100 மீட்டர் விரைவோட்டத்தில் அவர் மூன்றாமிடம் பெற்றிருந்தார். அணியில் சேர அந்த இடம் போதுமானதாயிற்று.

இலண்டனும் ஹெல்சிங்கியும்

இலண்டன் ஒலிம்பிக்கின் 100 மீட்டர் இறுதிப் போட்டியில் டில்லார்டும் பார்னி யூவலும் ஏறக்குறைய ஒன்றாகவே எல்லைக்கோட்டைக் கடந்தனர். வென்றது தாமே என்று எண்ணி யூவல் மகிழ்ந்தாடினார். எல்லைக்கோட்டில் எடுக்கப்பட்ட ஒளிப்படமோ டில்லார்டே முதல்வர் என்று காட்டியது. அவர் 10.3 நொடிகளில் ஓடியிருந்தார். தொடர் ஓட்டத்திலும் அவருக்குத் தங்கம் கிடைத்தது.

இவ்வெற்றியோடு அவர் நிறைவடைந்துவிடவில்லை. இழந்த துறையை மீட்க நான்கு ஆண்டுகள் உழைத்தார். 1952இல் ஹெல்சிங்கி நகரில் 110 மீட்டர் தடை ஓட்டத்தை 13.7 நொடிகளில் கடந்து தங்கம் வென்றார். தொடர் ஓட்டத்தில் நான்காவது தங்கமும் சேர்ந்தது. 100 மீட்டர் ஓட்டம், 110 மீட்டர் தடை ஓட்டம் ஆகிய இரண்டிலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஒரே ஆடவர் இவரே.

வாழ்வு உணர்த்துவது

தடை ஓட்டத்தை மட்டுமே நம்பியிருந்தால் 1948இல் டில்லார்டு வீட்டிலேயே இருந்திருப்பார். உடன்பயின்ற விரைவோட்டம் அவருக்கு இலண்டனின் வாயிலைத் திறந்தது. முதன்மைத் திறனோடு துணைத்திறன் ஒன்றையும் வளர்த்துக்கொள்வது எத்துணைப் பயனுடையது என்பதற்கு இது சான்று. வேறொரு வாயிலில் பெருமை கிடைத்தபின்னும் தம் துறையை மறவாது, தோற்ற பந்தயத்துக்கே அவர் திரும்பிச் சென்றார். 2019ஆம் ஆண்டு தம் 96ஆம் அகவையில் மறைந்த டில்லார்டு, தோல்விக்குப்பின் செய்ய வேண்டிய இவ்விரண்டு செயல்களையும் செய்துகாட்டியவர்.