உரிமைக்காக வாதாடியவர் நீதிபதி ஆகலாமா?

கேள்வி: காலமெல்லாம் சிவில் உரிமை வழக்குகளையே நடத்தியவரை அமெரிக்காவில் ஃபெடரல் நீதிபதியாக்க முன்மொழிகிறார்களே, நடுநிலையாக இருப்பாரா?

பதில்: கம்பெனிகளுக்காகவே வாதாடியவர் நீதிபதியாகும்போது இந்தச் சந்தேகம் யாருக்கும் வருவதில்லையே! கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். சுப்ரீம் கோர்ட்டில் 10 வழக்குகளில் வாதாடி 9-ல் ஜெயித்தவர். ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர வழக்காடி வென்றவரும் அவர்தான். 1966 ஜனவரியில் அதிபர் ஜான்சன் அவரை நியூயார்க் மாவட்ட நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்தார். செனட் நீதித்துறைக் குழுவின் தலைவர் யார் தெரியுமா? அதே மிசிசிப்பியின் ஈஸ்ட்லண்ட்! கம்யூனிஸ்ட் முத்திரை குத்தி, மாதக்கணக்கில் இழுத்தடித்தார். ஆகஸ்டில்தான் ஒப்புதல் கிடைத்தது. ஃபெடரல் நீதிபதியான முதல் கறுப்பினப் பெண்மணி அவர்.

1975-ல் ஒரு வழக்கு. பெண் வழக்கறிஞர்களிடம் பாரபட்சம் காட்டியதாக ஒரு பெரிய சட்ட நிறுவனத்தின் மீது புகார். பாகுபாட்டுக்கு ஆளானவர்கள் பக்கம் சாய்வார் என்று சொல்லி, மோட்லி விலக வேண்டும் என்றது அந்த நிறுவனம். அவர் மறுத்துவிட்டார். இனமும் பாலினமும் பின்னணியும்தான் தடை என்றால், இந்தக் கோர்ட்டில் ஒரு நீதிபதிகூட மிஞ்சமாட்டார் என்பது அவர் வாதம். ஆண் நீதிபதிக்கும் பாலினம் உண்டுதானே!

அப்படிப்பட்டவரின் பெயர் வந்தால் என் ஓட்டு அவருக்கே. அங்கே யார் என்னைக் கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம்.