குளிர்காற்று இன்டேக்: சத்தமா, சக்தியா?

கேள்வி: பலேர்மோவில் ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பக்கத்தில் இருக்கிறேன். பழைய ஃபியட் புன்டோ 1.2 வைத்திருக்கிறேன். மலிவாக ஒரு குளிர்காற்று இன்டேக் பூட்டினால் இழுவை கூடுமா?

பதில்: சத்தம் கட்டாயம் கூடும். இழுவையை எதிர்பார்க்காதீர்கள், தம்பி.

காற்றின் சூடு 10 பாகை குறைந்தால் அடர்த்தி ஏறக்குறைய 3 சதவீதம் கூடும்; கணக்கு சரிதான். ஆனால் மலிவான கூம்பு ஃபில்டர் பானட்டுக்குள் திறந்தபடி நிற்கும். வியா ரோமா நெரிசலில் ரேடியேட்டர் விட்ட சூட்டையே அது உறிஞ்சும். கம்பெனி கொடுத்த பெட்டியோ பெரும்பாலும் வெளிக்காற்றைத்தான் எடுக்கிறது!

குளிர்ந்த காற்று கிடைக்கக் குழாயை பம்பருக்குக் கீழே இறக்கலாம் என்பார்கள். 2020 ஜூலை 15 மழையில் நம்ம வியாலே ரெஜோனே சிசிலியானா சாலையின் சுரங்கப்பாதைகளில் கார்கள் மூழ்கியதை நினைத்துப் பாருங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அதோடு எஞ்சினும் போச்சு.

இத்தாலியச் சாலைச் சட்டத்தின் 78ஆம் பிரிவும் இருக்கிறது. வண்டியின் அமைப்பை மாற்றினால் வாகன அலுவலகமான மோட்டோரிட்சாட்சியோனேயின் சோதனை வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் ரெவிசியோனே என்ற வண்டிப் பரிசோதனையில் ஏன் வம்பு?

புதிய காகித ஃபில்டர் போடுங்கள். காற்றுக் குழாயில் வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். மிச்சக் காசில் ஸ்பார்க் பிளக்குகளையும் பாருங்கள்.