குதிகால் நாண் வலியும் இரத்தக் கொழுப்பும்

மனித உடலிலுள்ள தசைநாண்கள் யாவற்றினும் தடித்ததும் வலிமை மிக்கதும், கெண்டைக்காற் சதையைக் குதியெலும்புடன் பிணைத்து நிற்கும் குதிகால் நாணேயாகும். கிரேக்கக் காவிய வீரனான அக்கிலீஸின் பெயராலும் உடற்கூற்று நூலார் இதனை வழங்குவர். இந்த நாணில் வலி தோன்றுமாயின், நெடுந்தூரம் நடந்தமையோ ஓடியமையோ பொருந்தாத காலணியோ அதற்குக் காரணமென நாம் கருதுகிறோம். பெரும்பாலும் அக்கருத்துச் சரியானதே. ஆயினும் சிலரிடத்து இவ்வலியின் மூலம் காலில் இல்லை, இரத்தத்தில் இருக்கிறது.

கொலஸ்டிரால் என்பது மெழுகு போன்றதொரு பொருள். உயிரணுக்களின் மேலுறைக்கும் பித்தநீருக்கும் அது இன்றியமையாதது. ஆகவே அதனை நஞ்செனக் கருதுதல் தவறு. நீரில் கரையாத தன்மையால், புரதத்தோடு இணைந்த நுண்ணிய துகள்களாகவே அது இரத்தத்தில் பயணம் செய்கிறது. இவற்றுள் அடர்த்தி குறைந்த துகள்களைப் பற்றியிழுத்து உட்கொள்ளும் ஏற்பிகள் கல்லீரல் அணுக்களின் மேற்பரப்பில் அமைந்துள்ளன. அமெரிக்காவில் டல்லஸ் நகரில் ஆராய்ந்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் என்னும் இருவர் இந்த ஏற்பிகளைக் கண்டறிந்து, 1985-ல் நோபல் பரிசு பெற்றனர்.

பெற்றோருள் ஒருவரிடமிருந்து பழுதுற்ற ஏற்பி மரபணுவைப் பெற்ற குழந்தைக்கு, ஏற்பிகளுள் ஏறத்தாழப் பாதியே பயன்படும். கல்லீரல் இழுத்துக்கொள்ளாத கொழுப்பு, பிறந்த நாள் முதலே இரத்தத்தில் தேங்குகிறது. பரம்பரை மிகைக் கொலஸ்டிரால் எனப்படும் இந்நிலை ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவரிடம் காணப்படுகிறது. மெலிந்த உடலினரும், எண்ணெயும் நெய்யும் அளவோடு உண்பவரும் இதற்கு விலக்கல்லர். நாணில் தோன்றும் கொழுப்புக் கட்டியும் இதய நோயும் ஒரே குடும்பத்தில் வழிவழியாய் வருவதை நார்வே நாட்டு மருத்துவர் கார்ல் முல்லர் 1938-லேயே தெளிவுற எடுத்துரைத்தார்.

இனி, நாணில் நிகழ்வது யாது? மிகுதியான கொழுப்புத் துகள்கள் நுண்குழாய்களினின்று கசிந்து நாணின் இழைகளுக்கிடையே தங்குகின்றன. அவற்றை விழுங்க வரும் துப்புரவு அணுக்கள் கொழுப்பால் நிரம்பி, நுரைத்தவை போல் வீங்கி அங்கேயே கிடக்கின்றன. நாண் தடிக்கிறது, அவ்வப்போது அழற்சியுற்று வலிக்கிறது. இதய நாடிகளின் சுவரிலும் நிகழ்வது ஏறத்தாழ இதுவே. நாடியின் மாற்றம் கண்ணுக்குப் புலப்படாது. நாணின் தடிப்போ கைவிரலுக்கே அகப்படுகிறது.

இந்நோயுடையோரிடம் பிரிட்டனில் நடைபெற்ற ஓர் ஆய்வில், ஏறத்தாழப் பாதிப்பேர் மூன்று நாட்களுக்கு மேல் நீடித்த குதிகால் நாண் வலியை ஒரு முறையேனும் அனுபவித்திருந்தனர். நோயில்லாதாரிடையே இத்தகையோர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. இவ்வலி சில நாட்களில் தானே தணிந்துவிடுவதுதான் இதிலுள்ள இடர். சுளுக்கு என்று தைலம் தடவப்படுகிறது, வலி நீங்குகிறது, தைலத்திற்குப் புகழ் கிடைக்கிறது. இரத்தம் சோதிக்கப்படாமலே ஆண்டுகள் கழிகின்றன.

பாதத்தை மேல்நோக்கி மடக்கி, குதிக்கு மேலே நாணைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பற்றி மேலும் கீழும் தடவிப் பார்க்கலாம். இயல்பான நாண் ஓரம் கூர்மையுற்று ஒரே சீராய் இருக்கும். கொழுப்புப் படிந்த நாண் உருண்டு தடித்தோ, முடிச்சுகளுடனோ இருக்கும். புறங்கையில் விரல் நீட்டும் நாண்களிலும் இத்தகைய கட்டிகள் தோன்றலாம். விரலை அசைத்தால் அவையும் உடன் நகரும். ஜப்பானில் எக்ஸ்ரே படத்தில் 9 மில்லிமீட்டர் தடிப்பையே நெடுங்காலம் எல்லையாகக் கொண்டனர். 2022-ல் ஆண்களுக்கு 8, பெண்களுக்கு 7.5 எனக் குறைத்தனர். தடிப்பு இல்லை என்பதனால் நோயில்லை என்று முடிவு செய்தலாகாது. இளம் வயதினர் பலரிடம் அது தோன்றியிராது.

இரு குதிகால்களிலும் காரணமின்றி மீண்டும் மீண்டும் வலி வருபவரும், தடித்த நாணுடையவரும், தந்தையோ தாயோ உடன்பிறந்தாரோ 55, 60 வயதுக்குள் மாரடைப்புற்றவரும் இரத்தக் கொழுப்பைச் சோதித்தறிதல் வேண்டும். வயது வந்தோருக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் அடர்த்தி குறைந்த வகைக் கொலஸ்டிரால் 190 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருப்பின் ஐயம் வலுக்கிறது. தைராய்டுக் குறைவும் சில சிறுநீரக நோய்களும் இவ்வளவை உயர்த்தக் கூடுமாதலால் மருத்துவர் அவற்றையும் ஆராய்வார்.

ஒருவரிடம் நோய் உறுதிப்பட்டால் அவருடைய மக்களையும் உடன்பிறந்தாரையும் சோதித்தல் கடமையாகும். அவர்களுள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுது பெற்ற குழந்தையின் நிலை கொடிது. முழங்காலிலும் முழங்கையிலும் மஞ்சள் நிறக் கட்டிகள் எழும்; சிகிச்சையின்றேல் இருபது வயதிற்குள்ளேயே மாரடைப்பு நேரலாம். நெருங்கிய உறவில் மணம் செய்யும் குடும்பங்களில் இவ்வாய்ப்பு மிகுதி.

உணவுக் கட்டுப்பாடு நன்மையே எனினும் இந்நோய்க்கு அது மட்டும் போதாது. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1970-களில் பூஞ்சணத்தினின்று பிரித்தெடுத்த பொருளின் வழிவந்த ஸ்டாட்டின் மருந்துகளே இன்று முதன்மையானவை. மருத்துவர் மேற்பார்வையில் எட்டு, பத்து வயதுச் சிறுவருக்கும் அவை தரப்படுகின்றன. கொழுப்புக் குறைந்த நிலையில் ஆண்டுகள் சில செல்ல, நாணின் தடிப்பும் பலரிடம் மெல்லத் தணிகிறது.