தலைக்கு மேலே விமானம்

ஹரியானா மாநிலத்தில் அம்பாலா என்ற ஊர் இருக்கிறது. அங்கே நம் நாட்டு விமானப்படையின் பெரிய தளம் ஒன்று உண்டு. தளத்தை ஒட்டியே வீடுகள், கடைகள், தெருக்கள். காலையில் பால் காய்ச்சும் நேரத்திலேயே போர் விமானங்கள் கிளம்பிவிடும். கூரை அதிரும். தட்டில் வைத்த டம்ளர் நடுங்கும். அங்குள்ளவர்களுக்கு இது பழகிப் போன சத்தம்.

2019ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் தேதி காலை. ஜாகுவார் என்னும் போர் விமானம் ஒன்று அம்பாலாவிலிருந்து கிளம்பியது. தரையை விட்டு எழும்பிய சில நொடிகளில் ஒரு பறவைக் கூட்டம் எதிரே வந்தது. பறவைகள் விமானத்தில் மோதின. ஜாகுவாருக்கு இரண்டு என்ஜின்கள். அவற்றில் ஒன்று நின்று போயிற்று.

விமானத்தின் அடியில் எண்ணெய் நிரப்பிய தொட்டிகள் தொங்கின. பயிற்சிக்கான சிறிய குண்டுகளும் இருந்தன. இவ்வளவு பாரத்தையும் ஒரே என்ஜினால் தூக்க முடியாது. விமானி உடனே அவற்றைக் கழற்றி விட்டார். பாரம் குறைந்தது. விமானம் மேலே ஏறியது. சிறிது நேரத்தில் பத்திரமாகத் தரை இறங்கியது.

கழன்று விழுந்தவை எங்கே போயின? தளத்தை அடுத்த பல்தேவ் நகர் பகுதியில் சில துண்டுகள் விழுந்தன. வீட்டு மாடிகளிலும் விழுந்தன. நல்ல வேளை, யாருக்கும் காயம் இல்லை. விமானியை எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் மாடியில் துணி காயப் போடும் ஒரு பெண்ணுக்கு வேறு ஒரு கேள்வி வரும். "அடுத்த தடவை என் தலையில் விழுந்தால்?"

இந்தக் கேள்வி நியாயமான கேள்வி. இதைக் கேட்பவர் நாட்டுக்கு விரோதி அல்ல.

ஏன் தாழ்வாகப் பறக்கிறார்கள்?

கிளம்பும்போதும் இறங்கும்போதும் எந்த விமானமும் தாழ்வாகத்தான் பறக்க வேண்டும். வேறு வழி இல்லை. ஆனால் போர் விமானங்கள் வழியெல்லாம்கூடத் தாழ்வாகப் பறந்து பழகுகின்றன. அதற்குக் காரணம் ராடார்.

ராடார் என்பது தூரத்தில் வரும் விமானத்தைக் கண்டுபிடிக்கும் கருவி. அதிலிருந்து கிளம்பும் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். மலைக்குப் பின்னால் இருப்பது அதற்குத் தெரியாது. பூமி உருண்டை. அதனால் வெகு தூரத்தில் தரையை ஒட்டி வருவதும் தெரியாது. உயரத்தில் வரும் விமானம் சீக்கிரம் தெரிந்துவிடும். தாழ்வாக வருவது கிட்டத்தில் வந்த பிறகுதான் தெரியும். போர்க் காலத்தில் விமானி உயிர் பிழைக்க இது ஒரு வழி. போர் வந்த பிறகு இதைக் கற்றுக்கொள்ள முடியாது. முன்பே பழக வேண்டும்.

ஆனால் தாழ்வாகப் பறந்தால் யோசிக்க நேரம் கிடைக்காது. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் ஒரு நிமிடத்தில் 15 கிலோமீட்டர் போகும். சைக்கிளில் போனால் இந்தத் தூரத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஒரு நொடியில் மட்டும் 250 மீட்டர். விமானி கண் சிமிட்டித் திறப்பதற்குள் ஒரு சின்னத் தெரு தாண்டிவிடும். உயரத்தில் கோளாறு ஏற்பட்டால் சரி செய்து பார்க்கலாம். காலியான இடத்தைத் தேடலாம். தாழ்வில் அதற்கெல்லாம் நேரம் ஏது?

வீட்டின் மேல் விழுந்த விமானங்கள்

2002 மே 3ஆம் தேதி பஞ்சாபில் ஜலந்தர் நகரில் ஒரு மிக்-21 விமானம் விழுந்தது. ஒரு வங்கிக் கட்டடத்தின் மேல் விழுந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். வங்கிக்கு வேலையாக வந்தவர்களுக்கு வானத்திலிருந்து ஆபத்து வரும் என்று தெரியுமா?

2023 மே 8ஆம் தேதி ராஜஸ்தானில் இதுபோலவே நடந்தது. ஹனுமான்கர் மாவட்டத்தில் பஹ்லோல் நகர் என்ற கிராமம். சூரத்கர் தளத்திலிருந்து பயிற்சிக்குக் கிளம்பிய மிக்-21 அங்கே ஒரு வீட்டின் மேல் விழுந்தது. மூன்று பெண்கள் இறந்தார்கள். விமானி பாராசூட்டில் குதித்துத் தப்பினார்.

விமானி தப்பினார், வீட்டில் இருந்தவர்கள் செத்தார்கள் என்று கேட்டதும் கோபம் வரும். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். விமானியின் இருக்கைக்கு அடியில் ராக்கெட் உண்டு. விமானம் இனி தன் பேச்சைக் கேட்காது என்று தெரிந்ததும் விமானி ஒரு பிடியை இழுப்பார். இருக்கையோடு வெளியே வீசப்படுவார். அதற்கும் ஒன்றிரண்டு நொடிதான் இருக்கும். அந்தப் பிடியை இழுக்கத் தாமதித்து உயிரை விட்டவர்கள் பலர். 2012ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் பாதுகாப்பு அமைச்சர் ஒரு கணக்குச் சொன்னார். அதுவரை 482 மிக் ரக விமானங்கள் விபத்தில் போயிருந்தன. 171 விமானிகள் இறந்திருந்தார்கள். பொதுமக்களில் 39 பேர். ஆகவே இது விமானிக்கும் ஊராருக்கும் நடக்கும் வழக்கு அல்ல. பழைய விமானத்தில் இருவருமே மாட்டிக்கொண்டார்கள்.

மிக்-21 நம் படையில் 1963இல் சேர்ந்தது. 2025 செப்டம்பர் 26ஆம் தேதி சண்டிகரில் அதற்கு விடை கொடுத்தார்கள். 62 ஆண்டு உழைப்பு! அதற்குப் பதிலாகப் புதிய விமானங்கள் வருவதில் தாமதம் ஏற்பட்டுக்கொண்டே இருந்தது. இளம் விமானிகள் பழகுவதற்கு ஏற்ற வேகப் பயிற்சி விமானம் வேண்டும் என்று 1980களிலேயே நிபுணர் குழு சொன்னது. ஹாக் என்ற அந்த விமானத்துக்கு 2004இல்தான் ஒப்பந்தம் போட்டார்கள். இருபது ஆண்டுத் தாமதத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது மேலே சொன்ன கணக்கில் இருக்கிறது.

விதியை மீறினால்?

எல்லா விபத்தும் கோளாறினால் வருவதில்லை. இத்தாலி நாட்டில் காவலேசே என்ற மலை ஊர் உண்டு. அங்கே மலை உச்சிக்குக் கம்பி வடத்தில் தொங்கிச் செல்லும் பெட்டி ஓடுகிறது. பழனியில் விஞ்ச் பக்கத்தில் ஓடுகிறதே ரோப் கார், அது மாதிரி. 1998 பிப்ரவரி 3ஆம் தேதி ஒரு அமெரிக்கப் போர் விமானம் அந்தக் கம்பி வடத்தை அறுத்துவிட்டது. பெட்டி கீழே விழுந்து 20 பேரும் இறந்தார்கள். அந்தப் பகுதியில் 2,000 அடிக்குக் கீழே பறக்கக் கூடாது என்பது விதி. விமானம் 400 அடிக்கும் கீழே பறந்தது. வேகமும் அதிகம். விமானி தன் நாட்டு ராணுவ நீதிமன்றத்தில் மரணக் குற்றத்திலிருந்து விடுதலை ஆனார். இத்தாலி மக்கள் கொதித்துப் போனார்கள். பிறகு, விமானத்தில் எடுத்த வீடியோவை அழித்த குற்றத்துக்காக அவருக்குத் தண்டனை கிடைத்தது. வேலையும் போயிற்று.

நம் நாட்டில் ஒவ்வொரு விபத்துக்கும் விமானப்படை விசாரணை நடத்துகிறது. அந்த அறிக்கை முழுவதும் பெரும்பாலும் வெளியே வருவதில்லை. ஆனால் நாடாளுமன்றக் குழு கேட்டால் பதில் சொல்ல வேண்டும். 2017 முதல் 2022 வரை 34 விமானப்படை விபத்துகள் நடந்தன என்று 2024 டிசம்பரில் அப்படித்தான் தெரிந்தது. அவற்றில் 19 மனிதத் தவறால் நடந்தவை. ராணுவ ரகசியம் என்பது வேறு. ஊர் மேல் ஏன் விழுந்தது என்பது வேறு.

பருந்தும் குப்பையும்

மறுபடி அம்பாலாவுக்கு வருவோம். 2020இல் ரஃபேல் என்ற புதிய விமானங்கள் அங்கே வந்தன. ஒவ்வொன்றும் பல நூறு கோடி ரூபாய். அந்தச் சமயத்தில் விமானப்படையின் பெரிய அதிகாரி ஒருவர் ஹரியானா அரசின் தலைமைச் செயலாளருக்குக் கடிதம் எழுதினார். எதைப் பற்றி? குப்பையைப் பற்றி! தளத்தைச் சுற்றிக் குப்பை கிடக்கிறது, அதைத் தேடிப் பருந்துகள் வருகின்றன, விமானத்துக்கு ஆபத்து என்று எழுதினார். புறா வளர்ப்பதையும் தளத்தின் பக்கத்தில் தடுக்கச் சொன்னார்.

ஒரு பருந்து ஒரு கிலோ எடைகூட இருக்காது. ஆனால் வேகமாகப் போகும் விமானத்தில் மோதும்போது அது பாறாங்கல் மாதிரி. என்ஜினுக்குள் போனால் அங்கே சுழலும் தகடுகள் உடையும்.

விமானத் தளத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் ஆடு மாடு அறுத்துத் தோல் உரிக்கக் கூடாது, குப்பை கழிவு கொட்டக் கூடாது என்று 1937ஆம் ஆண்டு விமான விதிகளிலேயே இருக்கிறது. பருந்துக்கு விதி தெரியாது. குப்பை இருக்கும் இடத்துக்கு அது வரும். விதி தெரிந்தவர்கள் நகராட்சியில் இருக்கிறார்கள். குப்பை வண்டி வராத தெருவில் குடியிருப்பவர் எங்கே கொட்டுவார்? அவருக்கு அபராதம் போடுவது சுலபம். வண்டி விடுவதுதான் கஷ்டம் போலும். கறிக்கடைக்காரருக்கும் புறா வளர்ப்பவருக்கும் அது பிழைப்பு, ஆசை. மாற்று இடம் காட்டாமல் விரட்டினால் நான்கு நாளில் திரும்பி வருவார்கள்.

விழுந்துவிட்டால் என்ன செய்வது?

2021 டிசம்பர் 8ஆம் தேதி நீலகிரியில் குன்னூர் அருகே விமானப்படை ஹெலிகாப்டர் ஒன்று மேகத்துக்குள் புகுந்து மலையில் மோதியது. அதில் இருந்தவர்கள் 14 பேர். முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் அவர்களில் ஒருவர். முதலில் ஓடி வந்தவர்கள் நஞ்சப்பசத்திரம் மக்கள். குடத்தில் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றினார்கள். வீட்டுப் போர்வைகளைக் கொடுத்தார்கள். ஆனாலும் 14 பேரும் பிழைக்கவில்லை.

உதவ நினைப்பது மனித குணம். ஆனால் கவனம் வேண்டும். உடனே 112க்கு போன் செய்யுங்கள். போர் விமானம் என்றால் அதில் வெடிக்காத குண்டு இருக்கலாம். விமானியின் இருக்கையிலும் வெடி உண்டு. அதைத் தொடாதீர்கள். புகை வரும் பக்கம் நிற்காதீர்கள். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். உடைந்த துண்டு எதையும் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். ஒரு சின்னத் துண்டை வைத்துத்தான் காரணத்தைக் கண்டுபிடிப்பார்கள்.

விமானம் விழாமலும் தொல்லை உண்டு. கூரை ஓடு சரியும், கறவை மாடு மிரளும், கைக்குழந்தை வீரிடும். அப்போது வெறுமனே திட்டிப் பயன் இல்லை. ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தத் திசையிலிருந்து வந்தது, என்ன சேதம். நான்கு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டு மாவட்ட ஆட்சியருக்கு மனுக் கொடுக்கலாம். மனுவுக்கு ரசீது கேட்டு வாங்குங்கள். ஒரு நகலை உங்கள் தொகுதி எம்.பி.க்கு அனுப்புங்கள். நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது.

கணக்குப் போடுங்கள், பேசுங்கள்

1. ஒரு விமானம் ஒரு நொடியில் 250 மீட்டர் போகிறது. ஒரு கிலோமீட்டர் போக எத்தனை நொடி ஆகும்?

2. உங்கள் தெருக் குப்பை எங்கே போய்ச் சேருகிறது? அங்கே என்ன பறவைகள் வருகின்றன?

3. பல்தேவ் நகரில் உங்கள் வீடு இருந்தால் மனுவில் என்ன எழுதுவீர்கள்? ஐந்து வரி எழுதிப் பாருங்கள்.