நம்பிக்கைகளும் உண்மைகளும்: மஞ்சள் விளக்கு சொல்லும் பீங்கான் கதை

விருத்தாசலத்துக்காரர்களுக்குப் பீங்கானைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அகல் விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கட்டை, இன்சுலேட்டர் என்று இந்த ஊர்ச் சூளைகளில் வெந்து லாரி ஏறும் சரக்கு கொஞ்சநஞ்சமல்ல. பீங்கான் தொழில்நுட்பத்தைப் பட்டயப் படிப்பாகச் சொல்லித்தரும் அரசுப் பயிலகமும் இங்கேயே இருக்கிறது. ஆனால், காரின் மீட்டர் போர்டில் மஞ்சளாக எரியும் செக் இன்ஜின் விளக்கு பல சமயம் பீங்கானைப் பற்றித்தான் பேசுகிறது என்று சொன்னால் இந்த ஊரிலேயே பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைக் கழுத்து பீங்கான் இனம். புகைக்குழாயில் திருகியிருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் முனையும் அப்படியே. சைலென்சருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் வயிற்றுக்குள் இருப்பதும் சுட்ட மண்தான். இவற்றில் ஒன்று கெட்டால் இன்ஜினின் கம்ப்யூட்டர் அந்த விளக்கைப் போடும். போட்ட விளக்கை எப்படி அணைப்பது என்பதில்தான் நம் ஊர்க் கைவைத்தியம் எல்லாம் இறங்குகிறது.

முதலில் நிறம். சிவப்பு எரிந்தால் ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். மஞ்சள் எரிந்தால் ஓட்டலாம், ஆனால் சீக்கிரம் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். பச்சையும் நீலமும் ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்ற தகவல் மட்டுமே. ஹை பீம் போட்டால் நீலம். இந்தக் குறியீடுகளுக்கு உலகம் முழுக்க ஒரே தரநிலை உண்டு, ஐ.எஸ்.ஓ. 2575. அதனால் சென்னையில் வாங்கிய கொரியக் காரிலும் சேலத்தில் வாங்கிய ஜப்பானியக் காரிலும் எண்ணெய்க் கிண்டிப் படம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

“வண்டி நல்லாத்தானே ஓடுது? லைட்டு சும்மா எரியுது.”

சும்மா எரிவதில்லை. பெரும்பாலான கோளாறுகளுக்கு, அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் அதே தவறு தென்பட்ட பிறகுதான் கம்ப்யூட்டர் செக் இன்ஜின் விளக்கையே போடும். அதாவது நீங்கள் பார்ப்பதற்கு முன்பே அது ஒரு முறை பொறுத்துப் போயிருக்கிறது.

விளக்கு நிலையாக எரிவதற்கும் விட்டுவிட்டு மின்னுவதற்கும் உள்ள வித்தியாசம் இன்னும் முக்கியம். நிலையாக எரிந்தால் வேகத்தைக் குறைத்து ஒர்க்‌ஷாப் வரை போகலாம். மின்னினால் எங்கோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே வெளியேறுகிறது என்று அர்த்தம். அது நேராகப் போய் விழும் இடம் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்.

அதன் உள்ளே இருப்பது தேன்கூடு போன்ற ஒரு பீங்கான் கட்டி. ஒரு சதுர அங்குலத்தில் 400 கண்கள் என்பது வழக்கமான அளவு. ஒவ்வொரு கண்ணின் சுவரும் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தடிமன்தான் இருக்கும். அந்தச் சுவரின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவற்றின் மெல்லிய பூச்சு. கட்டியின் மண் பெரும்பாலும் கார்டியரைட். மக்னீசியமும் அலுமினியமும் சிலிக்காவும் கலந்த இந்தப் பீங்கான், சூடேறினாலும் குளிர்ந்தாலும் அவ்வளவாக விரிந்து சுருங்காது. அதனால் திடீர்ச் சூட்டில் வெடிக்காது. சூளைக்குள் சரக்கை அடுக்கும் தட்டுகளைப் பல இடங்களில் இதே கார்டியரைட்டில் செய்வதும் அதற்காகத்தான். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் இதைத் தேன்கூடாகப் பிழிந்தெடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். இந்தியாவில் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களின் புதிய பெட்ரோல் கார்களுக்கு இந்தக் கன்வெர்ட்டர் கட்டாயமானது.

திடீர்ச் சூட்டைத் தாங்கும் மண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. எரியாத பெட்ரோல் அந்தக் கண்களுக்குள் போய்ப் பற்றிக்கொண்டால் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். கார்டியரைட் உருகுவது ஏறக்குறைய 1,450 டிகிரி செல்சியஸில். சூளையில் வேலை பார்த்தவருக்கு, உருகிச் சரிந்த சரக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். தேன்கூடும் அப்படித்தான் கண் மூடி, கட்டியாகி, புகைக்கு வழி விடாமல் நிற்கும். வண்டி இழுக்காது. ஒரு பிளக் மாற்றும் செலவில் முடிந்திருக்க வேண்டியது, பல ஆயிரம் ரூபாய் கன்வெர்ட்டரில் போய் நிற்கும்.

அந்தப் பிளக்கையும் கொஞ்சம் பாருங்கள். வெள்ளைக் கழுத்தில் வளையம் வளையமாக மேடு இருக்கும். மின்கம்பத்து இன்சுலேட்டரில் அடுக்கடுக்காகக் குடை இருப்பதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே: மின்சாரம் மேற்பரப்பு வழியாகக் கசிந்து தாவ வேண்டிய தூரத்தைக் கூட்டுவது. இன்றைய பிளக்கின் கழுத்து பெரும்பாலும் அலுமினா. மாட்டும்போது கை தவறிக் கீழே விழுந்த பிளக்கைத் துடைத்து மாட்டும் பழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் போதும், பொறி முனையில் விழாமல் விரிசல் வழியே ஓடிவிடும். விழுந்த பிளக்கைத் தூக்கிப் போடுவதுதான் சரி.

“பேட்டரி ஒயரைக் கழட்டி மாட்டினா போயிடும்ணே.”

பழைய வண்டிகள் பலவற்றில் போகும், உண்மைதான். போவது எது என்பதுதான் கேள்வி. கோளாறு தென்பட்ட நொடியில் வண்டி எந்த வேகத்தில் போனது, இன்ஜின் எத்தனை சுற்றில் ஓடியது, தண்ணீர் எவ்வளவு சூடாக இருந்தது என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். எப்போதாவது வந்து போகும் கோளாறைப் பிடிக்க இதைவிட நல்ல துப்பு கிடையாது. படிப்பதற்கு முன்பே அழித்துவிட்டால், “எப்ப சார் எரிஞ்சுது, மேடு ஏறும்போதா, சிக்னல்ல நிக்கும்போதா?” என்று உங்களிடம் கேட்பதைத் தவிர மெக்கானிக்குக்கு வேறு வழியில்லை. உங்களுக்கும் ஞாபகம் இருக்காது.

கூடவே, கம்ப்யூட்டர் நாள்கணக்கில் பழகிவைத்த பெட்ரோல் அளவுத் திருத்தங்களும் போகலாம். அதனால்தான் ஒயரைக் கழற்றி மாட்டிய பிறகு சில வண்டிகள் ஐடிலில் தடுமாறுகின்றன. “லைட்டு போச்சு, ஆனா புதுசா ஒரு தொந்தரவு வந்துடுச்சு” என்ற புகார் பெரும்பாலும் இங்கே பிறந்ததுதான். புதிய கார்கள் பலவற்றில் கோளாறுக் குறியீடு பேட்டரி போனாலும் அழியாத நினைவகத்தில் இருக்கிறது. அவற்றில் ஒயரைக் கழற்றினால் கடிகாரம்தான் மாறும்.

கோளாறு நிஜமாகவே சரியாகிவிட்டால் யாரும் அழிக்க வேண்டியதும் இல்லை. அடுத்தடுத்து மூன்று ஓட்டங்களில் தவறு தென்படாவிட்டால் விளக்கு தானாகவே அணையும்.

“ஸ்கேனர் போட்டாச்சு, ஆக்சிஜன் சென்சார் போச்சுன்னு சொல்லிடுச்சு.”

ஸ்கேனர் பெரும்பாலும் அப்படிச் சொல்லியிருக்காது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முள் துளையில் செருகினால், அது பி 0420, பி 0171, பி 0300 என்று ஓர் எழுத்தும் நான்கு இலக்கமும் தரும். அந்த எண் ஓர் அறிகுறி. பி 0171 என்றால் கலவையில் காற்று கூடுதல், பெட்ரோல் குறைவு. காரணம் வெடித்த வேக்குவம் குழாயாக இருக்கலாம், அடைத்த பெட்ரோல் ஃபில்டராக இருக்கலாம், பம்ப்பாக இருக்கலாம். அதைக் கண்டு சொன்ன ஆக்சிஜன் சென்சார், தன் வேலையைச் சரியாகச் செய்ததற்காகக் கழற்றி எறியப்படுகிறது.

சென்சாரின் முனையில் இருப்பது சிர்கோனியா என்னும் பீங்கான் தொப்பி; உள்ளும் புறமும் பிளாட்டினப் பூச்சு. 300 டிகிரிக்கு மேல் சூடானதும் ஆக்சிஜன் அயனிகள் அந்தப் பீங்கானை ஊடுருவிப் போகத் தொடங்கும். உள்ளே காற்றில் இருக்கும் ஆக்சிஜனுக்கும் வெளியே புகையில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்து மின்னழுத்தம் எழும்: பெட்ரோல் கூடினால் 0.9 வோல்ட் அருகே, காற்று கூடினால் 0.1 அருகே. பாஷ் நிறுவனத்தின் இந்தச் சென்சார் முதன்முதலில் 1976-இல் வோல்வோ காரில் வந்தது.

இன்றைய காரில் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முன்னது மேலும் கீழுமாகத் துள்ள வேண்டும். பின்னது ஏறக்குறைய அமைதியாக இருக்க வேண்டும். பின்னதும் அதேபோலத் துள்ளினால் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டி பி 0420 போடும். ஆனால் புகைக்குழாய் இணைப்பில் சின்ன ஓட்டை இருந்து வெளிக்காற்று உள்ளே போனாலும் இதே எண் வரலாம். ஸ்கேனரின் திரையில் இரண்டு சென்சாரின் கோட்டையும் ஓடவிட்டுப் பார்க்காமல் கன்வெர்ட்டர் விலை சொல்லும் கடையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

“ஸ்பேனர் படம் வந்துடுச்சு, இன்ஜின்ல ஏதோ கோளாறு.”

பெரும்பாலான கார்களில் அது வெறும் நினைவூட்டல். 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்தியதோ அது வந்துவிட்டது என்று கணக்கு சொல்கிறது. ஆயிலை அது பார்ப்பதே இல்லை, எண்ணுவதோடு சரி. வெளிக்கடையில் ஆயில் மாற்றிவிட்டு ரீசெட் செய்ய மறந்தால் எரிந்துகொண்டேதான் இருக்கும். பல கார்களில் சாவியை அணைத்து, ட்ரிப் பட்டனை அழுத்திப் பிடித்தபடி, இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் போட்டு, எண் மாறும்வரை பிடித்திருந்தால் போதும். சிலவற்றில் திரையின் மெனுவில் இருக்கும். உங்கள் காருக்கு எது என்பது கையேட்டில் ஒரு பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. அதற்குக் கட்டணம் கேட்பவர்களுக்குக் கொடுக்காதீர்கள். இந்த ரீசெட், செக் இன்ஜின் விளக்கைத் தொடாது. இரண்டும் வேறு வேறு.

பெட்ரோல் மூடியை இறுக்கிப் போட்டால் செக் இன்ஜின் அணைந்துவிடும் என்ற வைத்தியம் அமெரிக்க வீடியோக்களிலிருந்து வந்தது. அங்கே டேங்க் ஆவி கசிகிறதா என்று கார் தானே சோதிக்க வேண்டும் என்பது சட்டம். நம் பாரத் ஸ்டேஜ் விதிகள் ஐரோப்பிய வழியில் வந்தவை. நம் சாலையில் ஓடும் கார்கள் பலவற்றில் அந்தச் சோதனையே கிடையாது. மூடியை இறுக்குங்கள், நல்ல பழக்கம். விளக்கு அணையும் என்று காத்திருக்க வேண்டாம். புகைச் சான்றிதழ் இருக்கிறதே என்பதும் எரியும் விளக்குக்குப் பதிலாகாது. அந்தச் சோதனையில் பெட்ரோல் காரின் சைலென்சருக்குள் ஒரு குழாயை விட்டு, நின்ற இடத்தில் புகையை அளக்கிறார்கள். காரின் கம்ப்யூட்டரோடு அது பேசுவதில்லை.

சிவப்பு எண்ணெய்க் கிண்டி விஷயத்தில் மட்டும் நான் யாரிடமும் நயமாகப் பேசுவதில்லை. “உளுந்தூர்பேட்டை போயி ஆயில் ஊத்திக்கலாம்” என்பவர்கள் அது ஆயில் அளவைக் காட்டுகிறது என்று நினைக்கிறார்கள். அது காட்டுவது அழுத்தம். அழுத்தம் இல்லையென்றால் கிராங்க் ஷாஃப்டின் பேரிங்குக்கும் இரும்புக்கும் நடுவே ஆயில் படலம் இல்லை. அடுத்த ஊர் வரை அல்ல, அடுத்த பாலம் வரை கூட இன்ஜின் தாங்குமா என்பது சந்தேகம். அந்த இடத்திலேயே அணைத்துவிட்டு டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தாலும் கிளப்பாதீர்கள், இழுத்துப் போக வண்டி சொல்லுங்கள்.

பேட்டரிப் படம் எரிந்ததும் புது பேட்டரி வாங்கப் போகிறவர்கள் இன்னொரு கூட்டம். அது சார்ஜ் ஏறவில்லை என்கிறது. ஆல்டர்னேட்டரையும் அதைச் சுற்றும் பெல்ட்டையும் பாருங்கள். சில கார்களில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்ப்பையும் சுற்றுகிறது; அறுந்திருந்தால் இன்ஜின் சூடேறப் போகிறது என்று அர்த்தம்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசல் கார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு பீங்கான் உண்டு: கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி. இதன் உள்ளும் கார்டியரைட்டோ சிலிக்கான் கார்பைடோதான். ஆனால் அடுத்தடுத்த கண்கள் எதிரெதிர் முனைகளில் மூடியிருக்கும், புகை சுவர் வழியே கசிந்துதான் வெளியே வர வேண்டும். தேங்கிய கரியை 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி வண்டி தானே எரித்துக்கொள்ளும். பாலக்கரைக்கும் ஜங்ஷன் ரோட்டுக்கும் இடையிலேயே நாளெல்லாம் சுற்றும் வண்டிக்கு அந்தச் சூடு வருவதே இல்லை. வந்தாலும், பாதி எரியும்போதே சாவியை அணைத்துவிடுகிறோம். அதன் மஞ்சள் விளக்கு எரிந்தால் “டீசல் சரியில்லை” என்று பங்க்கைத் திட்டுவதற்கு முன், கையேடு சொல்லும் வேகத்தில் இருபது நிமிடம்போல நெடுஞ்சாலையில் நிறுத்தாமல் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும். அதற்கும் அணையாவிட்டால் தள்ளிப் போடாதீர்கள். கரி மிகுதியாகச் சேர்ந்த பிறகு ஒரேயடியாகப் பற்றினால் வடிகட்டியே விரிசல் விட்டுவிடும். விரிசல் விட்ட பீங்கானை ஒட்டவைக்கும் வித்தை இந்த ஊரிலும் இல்லை.

“பழைய வண்டிதான், ஆனா ஒரு லைட்டும் எரியல, சுத்தம்.”

பழைய கார் பார்க்கப் போனால், இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் போடச் சொல்லுங்கள். செக் இன்ஜின், ஏர்பேக், ஏ.பி.எஸ்., எண்ணெய்க் கிண்டி எல்லாம் எரிய வேண்டும். அப்போதும் செக் இன்ஜின் எரியவில்லையென்றால் அந்த விளக்கையே யாரோ கழற்றியிருக்கலாம் அல்லது மறைத்திருக்கலாம். எரிந்தால், ஸ்கேனரில் ரெடினஸ் என்ற பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார் போன்றவற்றின் சோதனைகளை வண்டி முடித்துவிட்டதா என்று அதில் வரிசையாகத் தெரியும். குறியீட்டை அழித்தால் இந்தச் சோதனைகளும் பூஜ்யத்துக்குப் போய்விடும். திரும்ப முடிக்கச் சில நாள் ஓட்டம் வேண்டும். தினமும் ஓடும் வண்டி என்று சொல்லிக் காட்டும் காரில் பாதிச் சோதனைகள் முடியாமல் கிடந்தால், நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்புதான் அழித்திருக்க வாய்ப்பு அதிகம். முன்பணம் கொடுக்காதீர்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடியும் ஸ்கேனர் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.